'சமாதான காலம்' எது? தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அதற்கு எத்தனை வயது என்று கேட்டால் அம்மா ஆண்டுக் கணக்குச் சொல்லமாட்டார். "சமாதான காலத்திலை வைச்சது" என்பார். கேட்பவர் தென்மராட்சிக்காரராக இருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரிப் பக்கம் தரைமட்டமானதும், நாங்கள் வடமராட்சியில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் கிடந்ததும், 2002இல் திரும்பி வந்து கூரையில்லாத சுவருக்குள் முளைத்திருந்த எருக்கலையை வெட்டியதும், அந்த மாரியோடு கன்று நட்டதும் எல்லாம் அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கின்றன.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பின்னேரங்களில் அயலிலுள்ள பிள்ளைகள் சிலர் கட்டுரைக் கொப்பியோடு வருவார்கள். போன மாதம் ஒரு பிள்ளை, 2010இல் பிறந்தவள், 'எனது ஊர்' என்ற கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "2009ஆம் ஆண்டு தொடக்கம் எமது நாட்டில் சமாதான காலம் நிலவுகின்றது." சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தேன். எழுவாய் பயனிலை சரி. எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் விட்டுக் கடக்க முடியவில்லை. "எங்கை பிள்ளை இதைப் படிச்சனீ?" என்று கேட்டேன். "பேப்பரிலை அப்பிடித்தானே ரீச்சர் போடுறவை" என்றாள்.

அதனால்தான் பிள்ளைக்கு எழுதவேண்டிய திருத்தத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

வடக்கில் எங்கள் சனம் காலத்துக்குப் பெயர் வைத்த விதத்தை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இந்தியன் ஆமிக் காலம். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த, ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து போய்வந்த காலம். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு. சமாதான காலம். பாதை பூட்டினது. கடைசிச் சண்டை. முகாமில் இருந்தது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு பெயர் இல்லை. "சண்டை முடிஞ்சாப் பிறகு" என்கிறார்கள். அல்லது வெறுமனே "இப்ப" என்கிறார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் ஒரு கிழவிகூட, ஒரு கடைக்காரர்கூட, "சமாதானம் வந்தாப் பிறகு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்லவேண்டாம் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. நாக்கு தானாகவே அந்த இடத்தில் அந்தச் சொல்லை எடுக்க மறுக்கிறது. இந்த மறுப்பை மதியுங்கள் என்று கேட்பதே இந்த மடலின் நோக்கம்.

ஏன் மறுக்கிறது என்பதை எங்கள் வேலிகளில் இருந்து தொடங்கினால் விளங்கும். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதால் இரண்டு வீட்டுக்குள் சண்டை. பேச்சுவார்த்தை இல்லை, நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. பெரியவர் ஒருவர் இடையில் போய், இந்தப் பகுதியோடும் கதைத்து அந்தப் பகுதியோடும் கதைத்து, கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரு கலியாணப் பந்தலில் ஒருவருக்கொருவர் தேத்தண்ணி நீட்டினால், ஊர் சொல்லும்: "அவை சமாதானமாப் போட்டினம்." அப்படியல்லாமல் ஒரு வீட்டார் தாங்கமாட்டாமல் காணியை விட்டுப்போய்விட்டால் அதே ஊர் "சண்டை ஓய்ஞ்சுபோச்சு" என்று சொல்லும். அங்கே சமாதானம் என்ற சொல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். சமாதானத்துக்கு இரண்டு பகுதி வேண்டும், இரண்டும் ஒப்பவேண்டும். ஓய்வதற்கு அது தேவையில்லை. பழந்தமிழில் இதற்குச் 'சந்து செய்தல்' என்று பெயர். சோழர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவில் போய் நின்று, இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று சொன்ன புலவர் கோவூர் கிழார் செய்ய முயன்றது அதைத்தான்.

2002 பெப்ரவரி 22 அன்று நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் கையொப்பம் ஒரு பக்கம், புலிகளின் தலைவர் பிரபாகரனின் கையொப்பம் மறுபக்கம். அந்த ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சட்டஹிப்பில் முதற்சுற்றுப் பேச்சு. சனம் அதற்குப் 'போர்நிறுத்த காலம்' என்று பெயர் வைத்திருக்கலாம். தாளில் எழுதியிருந்தது அதுதான். ஆனால் சமாதான காலம் என்றார்கள். இரண்டு பகுதி ஒரு மேசையில் இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது. கொடிகாமச் சந்தியில் வந்துநின்ற முதல் கொழும்பு பஸ்ஸைப் பார்க்க நாங்கள் வேலை மெனக்கெட்டுப் போய் நின்றோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார்கள். தெற்கிலிருந்து வெள்ளை உடுப்போடு சிங்களக் குடும்பங்கள் நயினாதீவு விகாரைக்குப் போகும் வழியில் எங்கள் படலையில் நிறுத்தித் தண்ணீர் கேட்டன. அம்மா தேசிக்காய் கரைத்துக் கொடுத்தார். மொழி தெரியாது, சிரித்தார்கள். 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் சில, சோனகதெருவில் தங்கள் வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்க்க வந்ததும் அப்போதுதான்.

அந்தக் காலத்தை நான் அலங்கரிக்கவில்லை. அது சமாதானமாக முற்றியதே இல்லை. 2003 ஏப்ரலில் பேச்சு இடைநின்றது. முகமாலையிலும் ஓமந்தையிலும் இரண்டு தரப்பின் சாவடிகளிலும் பொதி அவிழ்த்துக் காட்டி, வரி கட்டி, பாஸ் எடுத்துத்தான் போனோம். வன்னியில் பிள்ளைகளை இயக்கத்துக்குச் சேர்ப்பது நிற்கவில்லை. மட்டக்களப்புத் தாய் ஒருத்தியிடம் சமாதான காலம் என்று சொன்னால் அவளுக்கு 2004 ஏப்ரலில், புலிகள் இரண்டாகப் பிளந்தபோது, வெருகலாற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சுட்டுக்கொண்டதுதான் ஞாபகம் வரும். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் தேவாலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்துத் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டேதான் சனம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. அந்தக் காலம் எதை நோக்கிப் போவதாகச் சொன்னதோ, அதன் பெயரை அதற்கு இட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை 'டொக்டர்' என்று கூப்பிடுகிற தாய் தகப்பனைப் போல.

அந்தக் காலம் எப்போது முடிந்தது என்பதிலும் ஊர்ச்சொல் தாளைவிடத் துல்லியமானது. அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகியது 2008 ஜனவரி 16இல். எங்களுக்கோ 2006 ஓகஸ்ட் 11இல் முடிந்துவிட்டது. அன்று முகமாலையில் எறிகணைச் சத்தம் தொடங்கியது, பாதை பூட்டுப்பட்டது, சங்கக்கடை வாசலில் வரிசை நீண்டது. இடைப்பட்ட பதினேழு மாதமும் உடன்படிக்கை உயிரோடு இருந்ததாகத்தான் ஆவணம் சொல்லும். அந்தப் பதினேழு மாதத்தைச் சமாதான காலம் என்று சொல்லும் ஒருவரை யாழ்ப்பாணத்தில் காட்டமுடியாது.

சரி, 'அமைதி' என்று எழுதலாமே என்று உங்களில் சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'அமைதிக்கான நோபல் பரிசு' என்று எழுதும். இங்கே 'சமாதானத்துக்கான நோபல் பரிசு' என்போம். இங்கே 'அமைதி' என்ற சொல் குறைவாகப் புழங்குவதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். வகுப்பில் நான் முப்பது ஆண்டு "அமைதி!" என்று சொல்லியிருக்கிறேன். வாயை மூடுங்கள் என்பதுதான் அதன் பொருள். சத்தம் அடங்கினால் அமைதி. ஏன் அடங்கியது என்று அந்தச் சொல் கேட்காது. சுடலையிலும் அமைதிதான். பிறகு 1987. யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி வந்த படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். மாலை போட்டு வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஒக்டோபர் 10இல் சண்டை தொடங்கியது. அந்த மாதம் 21ஆம் திகதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்த அந்தப் படையினர் நோயாளரையும் வைத்தியர் தாதியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் 'அமைதிப்படை' என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தியன் ஆமி என்றார்கள். படையின் பெயரிலிருந்து அமைதியைக் கழற்றி எறிந்தவர்கள் படிப்பறிவில்லாத சனம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மொழியை அவ்வளவு கவனமாகக் கையாண்ட சனம் அது.

(ஒரு பக்கக் குறிப்பு, வாத்தியார்ப் புத்தி விடாததால்: 'அமர்' என்றால் போர், 'அமர்தல்' என்றால் இருத்தல், தங்குதல். களத்தையும் திண்ணையையும் ஒரே ஒலியால் சொன்ன மொழி நம்முடையது. சொல் எந்தப் பொருளில் வருகிறது என்பதை இடம் பார்த்துத்தான் அறியவேண்டும் என்பது இந்த மொழியில் புதிய பாடம் அல்ல.)

1995ஐயும் சொல்லவேண்டும். அந்த ஜனவரியில் சந்திரிகா அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் மோதல் நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்களைப் புலிகள் தகர்த்ததோடு அது முறிந்தது. அதன்பின் அரசு தொடங்கிய போருக்குச் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்று பெயர் வைத்தது. எத்தனையோ தமிழ் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். அந்தத் தொடரை எப்படித் திருத்துவது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெயரின் கீழ் யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் இறந்தார்கள். அந்தப் பெயரின் கீழ் ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வளவுக்குள் மட்டும் ஏழு குடும்பங்கள். வானொலி சமாதானத்துக்கான யுத்தத்தின் முன்னேற்றத்தை வாசித்துக்கொண்டிருந்தது. வந்திருந்த ஒரு முதியவர், பெயர்பெற்ற சட்டத்தரணி, என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இந்தச் சொல்லை இனி நாங்கள் என்ன தேவைக்குப் பாவிக்கிறது?"

அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஏழு ஆண்டு கழித்துச் சனமே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துத் துடைத்துப் பாவித்தது. அதனால்தான் எனக்கு அது இவ்வளவு பெரிய விடயமாகத் தெரிகிறது.

இனி 2009. மே மாதத்தில் போர் முடிந்தது. முடிந்தது என்ற சொல்லில் எனக்குப் பிணக்கில்லை. குண்டு விழுவது நின்றது, அது சின்ன விடயம் இல்லை. இரவில் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் இழுக்காமல் நித்திரை கொள்ளும் தாயிடம் போய் அதைச் சின்ன விடயம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதை முடித்தவர்களே அதற்கு வைத்த பெயர் 'வெற்றி'. கிளிநொச்சியில் ஏ9 ஓரத்தில் நிற்கும் நினைவுத்தூணைப் பாருங்கள், ஆனையிறவில் நிற்பதைப் பாருங்கள். வெற்றிக்கு ஒரு பகுதி போதும். அவர்கள் தங்கள் காரியத்துக்குச் சரியான சொல்லைத்தான் எடுத்தார்கள். அதைச் சமாதானம் என்று தமிழில் பெயர்த்தவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்து ஊர் மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த ஆட்கள் சிலர் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள், சிறுவர்கள் உட்பட. வழக்கு நடந்தது. 2015இல் கொழும்பு மேல்நீதிமன்றம் ஓர் இராணுவச் சார்ஜன்டுக்கு மரணதண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்தார். அந்த எட்டுப் பேரின் வீட்டாரிடம் சமாதானமா என்று யார் கேட்டார்கள்? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் பந்தல் போட்டுக் குந்திய தாய்மார், ஆண்டுக் கணக்காகப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே செத்துப்போனார்கள். அவர்கள் செய்த ஒரு சொல்வேலையை நீங்கள் அறிவீர்கள். 'காணாமல் போனோர்' என்று எழுதாதீர்கள், பிள்ளைகள் வழிதவறிப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்றார்கள். இன்று உங்களில் பெரும்பாலானோர் அப்படியே எழுதுகிறீர்கள். ஒரு செயப்பாட்டுவினையைப் பத்திரிகைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர்கள் அந்தத் தாய்மார். உங்களால் சொல்லை மாற்றமுடியும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. 'சமாதான காலம்' என்று எழுதினால் 2002 தொடக்கம் 2006 வரையான காலத்துக்கு எழுதுங்கள்; தேவையானால் ஆண்டை அடைப்புக்குள் போடுங்கள், இளம் வாசகருக்கு விளங்கும். 2009க்குப் பின்னரைப் 'போர் முடிந்த பின்' என்று எழுதுங்கள். அமைச்சரின் உரையில் 'சமாதானம்' வந்தால் மேற்கோள் குறிக்குள் அவர் வாய்ச்சொல்லாகவே விடுங்கள், உங்கள் செய்தியின் சொல்லாக்காதீர்கள். ஓர் ஊரில் கைகலப்பு நின்றதற்கு 'அமைதி திரும்பியது' என்று தலைப்புப் போடும்போது, யார் பேசாமல் போனதால் திரும்பியது என்று நிருபரிடம் ஒருமுறை கேளுங்கள். 'இயல்பு நிலை' என்றால் எந்த ஆண்டு இயல்பு என்றும் கேளுங்கள். 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடியவர்களுக்கு அந்தத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். இருபத்தேழு வருடம் உள்ளே போகமுடியாதிருந்த இடத்துக்கு 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று பெயர். 2009 ஜனவரியில் வன்னியில் சனத்தைப் போகச்சொன்ன இடத்துக்கும் 'பாதுகாப்பு வலயம்' என்றுதான் பெயர். அந்த இரண்டையும் ஒரே சொல்லில் அச்சடித்த அனுபவம் நமக்கு இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்றை நான் இலேசாக எடுக்கவில்லை. என் மாணவி போன்றவர்களுக்கு வெடிச்சத்தம் தெரியாது. அவர்கள் வாழ்வு முழுவதையும் 'போருக்குப் பின்' என்று, தாங்கள் காணாத ஒன்றின் வாலாகவே சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? அது நியாயமில்லைத்தான். அவர்கள் தங்கள் காலத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள், வைக்கட்டும். ஆனால் அவர்களுக்கு முன்னமே நாங்கள் ஒரு பெயரை எடுத்து ஒட்டி, முடிந்த காரியம் என்று கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் எதைத் தேடுவது? சமாதானம் வேண்டும் என்று நாளை ஒரு பிள்ளை எழுதினால், அதுதான் இருக்கிறதே என்று அவளுடைய ஆசிரியர் வெட்டிவிடுவார். இன்னும் வந்து சேராத ஒரு பொருளுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே பெயர் அது.

கொப்பியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வரியைப் பிழை என்று வெட்டவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் "யாருக்கும் யாருக்கும் இடையில்?" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பின்னேரம் அவள் வருவாள். மாங்காய்ப் பருவம், அம்மா அவளுக்கென்று இரண்டு பழம் எடுத்து வைத்திருக்கிறார். அந்த மரம் எப்போது வைத்தது என்பதையும் அம்மாவையே சொல்லச் சொல்லப்போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
தென்மராட்சி